யார் என்று கேட்காத இடம்

உணவு விடுதியைப் பற்றி எழுதுவது ஒரு சிறுபத்திரிகைக்கு உகந்த காரியமா என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். பசியைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். பசி இலக்கியத்தில் கௌரவமான விஷயம். சாப்பிடுவதற்கு அந்தக் கௌரவம் கிடையாது. அதிலும் குளிரூட்டப்பட்ட அறையில், தாழ்ந்த விளக்கொளியில், நாலைந்து தேசத்துப் பதார்த்தங்கள் அச்சிட்ட அட்டையைப் புரட்டிக்கொண்டு சாவகாசமாகச் சாப்பிடுவது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய காரியம் என்றே நம்மவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் போகாதவர்கள் நம்மில் குறைவு. புத்தக வெளியீட்டுக் கூட்டம் முடிந்ததும் பத்துப் பேர் சேர்ந்து போவது அங்கேதான். தத்துவம், புரட்சி, கவிதையின் மரணம் எல்லாம் பேசித் தீர்க்கப்படுவது அந்த மேஜையில்தான். பேச்சு நடக்கிற இடத்தைப் பற்றி மட்டும் பேச்சு நடப்பதில்லை.

அந்த மேஜையில் இரண்டு கேள்விகள் கேட்கப்படுவதில்லை. உட்கார வருகிறவனைப் பார்த்து 'நீ யார்?' என்று விடுதி கேட்பதில்லை. தட்டு வந்ததும் 'இதைச் செய்தது யார்?' என்று உட்கார்ந்திருப்பவன் கேட்பதில்லை. முதல் மௌனம் நமக்குக் கிடைத்த நியாயம். இரண்டாவது மௌனம் நாம் பட்டிருக்கும் கடன். இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரு கூறுகள். முதலாவதை இழந்துவிடாமல் இரண்டாவதைத் தீர்க்க முடியுமா என்பதுதான் எனக்குள்ள பிரச்சினை.

1

முதல் மௌனத்தின் அருமை அதன் வரலாறு தெரிந்தவனுக்கே தெரியும்.

உணவு விடுதி இன்று நாம் அறிந்திருக்கும் உருவத்தைப் பாரிஸில் 1760களில் எடுக்கத் தொடங்கியது. 'ரெஸ்டாரன்ட்' என்ற சொல் முதலில் ஓர் இடத்தைக் குறிக்கவில்லை. உடம்பைத் தேற்றுகிற இறைச்சிச் சாற்றைக் குறித்தது. அதை விற்ற கடைகளுக்குப் பிறகு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பெல்லாம் வெளியூர் வந்தவன் சத்திரத்தில் எல்லோரோடும் ஒரே மேஜையில், சத்திரக்காரன் குறித்த நேரத்தில், வைத்ததைச் சாப்பிட்டான். புதிய கடை அவனுக்குத் தனி மேஜை கொடுத்தது. விரும்பிய நேரத்தில் வரச் சொன்னது. விலை எழுதிய பட்டியலை முன்னால் வைத்தது. விலையை எழுதி வைத்த பிறகு ஆளைப் பார்த்து விலை சொல்வது சிரமம். அந்தப் பட்டியல் ஒரு சிறிய அரசியல் சாசனம் என்று சொன்னால் மிகையாகாது.

இங்கே கதை வேறு. நமக்கு மேஜை கிடையாது, பந்தி உண்டு. பந்தி என்பது வரிசை. வரிசை என்றாலே யார் முன்னே, யார் பின்னே, யார் திண்ணையில், யார் கொல்லையில் என்ற கணக்கு. அந்தக் கணக்கு நம் அரசியலையே திருப்பிவிட்டிருக்கிறது. வ.வே.சு. ஐயர் 1922இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவளித்த விவகாரம் 1924-25இல் தமிழ்நாட்டுக் காங்கிரஸை உலுக்கியது. தேசத்தின் விடுதலைக்காக ஏற்பட்ட ஒரு பள்ளி, இரண்டு இலைகளை எங்கே போடுவது என்ற கேள்வியில் சிதைந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் இருந்த தனியிடங்கள் 1941இல்தான் போயின. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடைகளையும் பொது உணவு விடுதிகளையும் ஓட்டல்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதி மத காரணங்களால் அங்கே எவரையும் தடுக்கக்கூடாது என்கிறது. ஒரு தேசத்தின் அடிப்படைச் சட்டத்தில் ஓட்டல் இடம்பெற வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் இயக்கத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து கைதாக வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு கிடைத்ததுதான் இன்றைய கண்ணாடிக் கதவு. உள்ளே போனவனிடம் எத்தனை பேர் என்று மட்டும் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியின் வறட்சியில் ஒரு மகத்துவம் இருக்கிறது. நம் விருந்தோம்பல் மரபைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. விருந்து என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புதுமை. விருந்தினர் என்றால் புதிதாக வந்தவர். ஆனால் புதிதாக வந்தவரைப் புதியவராகவே விட்டுவைக்க நம் வீடுகளுக்குப் பொறுக்காது. எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு, யார் வீடு, அவருக்கு நீங்கள் என்ன முறை என்று கேட்டுக்கொண்டே போய், கேட்க வேண்டியதைக் கேட்காமலே தெரிந்துகொண்ட பிறகுதான் இலை விழும். அன்பு விசாரிக்கிறது. விசாரிப்பில் அன்பும் இருக்கிறது, அளவுகோலும் இருக்கிறது. விடுதிக்கு அன்பு இல்லை, ஆகவே அளவுகோலும் இல்லை. அதற்கு நாம் விருந்தினர் அல்லர், வாடிக்கையாளர். வாடிக்கை என்றால் வழக்கம். வழக்கமாக எல்லோருக்கும் செய்வதையே நமக்கும் செய்கிறார்கள். புதுமைப்பித்தன் கடவுளைச் சென்னைக்கு அழைத்து வந்தபோது கந்தசாமிப் பிள்ளை அவரைக் கூட்டிக்கொண்டு போனது காப்பி ஓட்டலுக்குத்தான். கோயிலுக்குப் போயிருந்தால் கடவுளுக்கே முறைகள் இருந்திருக்கும். ஓட்டலில் அவரும் ஒரு வாடிக்கையாளர்.

கதகதப்பான ஒரு வீட்டைவிடக் குளிர்ந்த ஒரு விடுதி சிலருக்கு மனிதத்தன்மை கூடிய இடமாக இருந்திருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாமல் நகரத்து விடுதியின் செயற்கைத்தனத்தைக் கேலி செய்கிறவர்கள், பெரும்பாலும், எந்த வீட்டுத் திண்ணையிலும் தடுக்கப்படாதவர்கள்.

2

இந்த மௌனம் முழுமையானது என்று நான் சொல்லவில்லை. யார் என்று கேட்காத விடுதி, என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கிறது. கேட்பது விலைப்பட்டியல், ஆகவே சத்தம் வருவதில்லை. பல விடுதிகளில் அட்டை ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. வாசலில் நிற்கும் காவலாளியின் கண் செருப்பிலிருந்து ஆரம்பிக்கிறது. 2014இல் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை உள்ளே விடவில்லை. அதே ஆண்டு தமிழ்நாட்டில் அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. வேட்டி கட்டியதற்காக அதற்கு முன்னால் திரும்பிப் போனவர்கள் நீதிபதிகளாக இல்லாததால் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சேர்ந்து உண்பதால் சாதியின் மனம் சாகவில்லை என்று அம்பேத்கர் 1936இலேயே, சாதி ஒழிப்பு பற்றிய தம் நூலில், சொல்லிவிட்டார். சமபந்தி போஜனம் நடந்த ஊர்களில் மறுநாள் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். இன்றும் ஆகஸ்ட் 15 அன்று நம் கோயில்களில் சமபந்தி விருந்து நடக்கிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் வரிசையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். நகரத்து விடுதி இந்தக் காரியத்தை ஒவ்வொரு நாளும் படமில்லாமல் செய்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் அங்கேயும் பக்கத்து மேஜைக்காரனோடு நான் சேர்ந்து உண்பதில்லை, அவனருகே உண்கிறேன். அவன் யார் என்று எனக்குத் தெரியாததால்தான் எனக்குத் தொந்தரவில்லை. தெரிந்தால் என்ன செய்வேன் என்ற சோதனைக்கு விடுதி என்னை ஆளாக்குவதில்லை.

பலநாட்டு உணவு என்று அட்டையில் போட்டிருப்பதையும் இதே கவனத்தோடு பார்க்கலாம். அது பரந்த மனத்தின் அடையாளம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். தந்தூரிப் பக்கத்தின் பின்னால் 1947 இருக்கிறது. பெஷாவரிலிருந்து வந்தவர்கள் தில்லி தர்யாகஞ்சில் தொடங்கிய மோத்தி மஹால், தந்தூர் அடுப்பின் கோழியை விடுதி உணவாக்கியது. அகதிகள் கொண்டுவந்த அந்த ருசிக்கு, பட்டர் சிக்கனுக்கு, யார் ஆசிரியர் என்று 2024இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. சைனீஸ் பக்கத்தின் பின்னால் கல்கத்தாவின் டாங்ரா இருக்கிறது. தோல் பதனிட வந்த ஹக்கா சீனர்கள் நம் நாக்குக்கேற்ப மிளகாயும் பூண்டும் சேர்த்துச் செய்த சமையல் அது. 1962 யுத்தத்தின்போது இந்தியச் சீனர்கள் சுமார் 3000 பேரைப் பிடித்து ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சிலர் வருஷக்கணக்கில் அங்கே கிடந்தார்கள். அதற்குப் பிறகு, 1975இல், கல்கத்தாவில் பிறந்த சீனர் ஒருவர் பம்பாயில் சிக்கன் மஞ்சூரியனைக் கண்டுபிடித்ததாகச் சொல்கிறார்கள். இன்று அது காலிஃப்ளவரில் செய்யப்பட்டு நம் கல்யாணப் பந்திவரை வந்துவிட்டது. நூடுல்ஸைச் சாப்பிட்ட நாடு நூடுல்ஸ் செய்தவனைச் சிறை வைத்தது. இதில் முரண்பாடு ஒன்றுமில்லை என்பதுதான் பயங்கரம். நாக்கு ஏற்றுக்கொள்வதற்கும் மனிதனை ஏற்றுக்கொள்வதற்கும் இடையே பாதை தானாக அமைந்துவிடுவதில்லை. பர்மாவிலிருந்து 1960களில் விரட்டப்பட்டு வந்த நம் சொந்த ஜனங்களின் அத்தோ, சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் அருகே தள்ளுவண்டிகளில் நிற்கிறது. பலநாட்டு அட்டைகளில் அதற்குப் பெரும்பாலும் இடமில்லை. எந்தத் தேசம் அட்டையில் ஏறும் என்பதைத் தீர்மானிப்பது பரந்த மனம் அல்ல.

3

இனி இரண்டாவது மௌனம்.

பழைய ஓட்டலில் சமையலறை காதில் விழும். சர்வர் அங்கிருந்தே 'ஒரு ஸ்பெஷல் ரவா' என்று குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து பதில் குரல் வரும். பாத்திரம் உருளும். யாரோ யாரையோ திட்டுவார்கள். பரோட்டாக் கடையில் மாஸ்டர் தெருவைப் பார்த்து நின்று வியர்வையோடு மாவை வீசுகிறார், உழைப்பே விளம்பரம். நகரத்துச் சொகுசு விடுதி இந்தச் சத்தத்தையும் வியர்வையையும் ஒரு கதவுக்குப் பின்னால் தள்ளியிருக்கிறது. நாம் அங்கே அனுபவிக்கும் ஆசுவாசம் இயற்கையாக இருப்பதன்று, அது தயாரிக்கப்படுகிறது. நம் அவசரமின்மை இன்னொருவருடைய அவசரத்தால் ஆனது. ஜார்ஜ் ஆர்வெல் பாரிஸில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவிய அனுபவத்தை 1933இல் எழுதினார். பளபளக்கும் கூடத்துக்கும் அழுக்கு மண்டிய அடுக்களைக்கும் இடையே ஒரு கதவுதான் இருந்தது என்பதையும், கதவைத் தாண்டும்போதே சர்வரின் முகமும் நடையும் மாறிவிடுவதையும் அவர் பார்த்தார். அந்தக் கதவு எல்லா ஊர்களிலும் இருக்கிறது.

ஸார்த்ர் தம் 'இருப்பும் இன்மையும்' நூலில் (1943) காட்டும் கபே சர்வரை நம் வட்டத்தில் அறியாதவர்கள் குறைவு. அளவுக்கு மீறிய துல்லியத்தோடு நடந்து, அளவுக்கு மீறிய அக்கறையோடு குனிந்து, சர்வராக இருப்பதை நடித்துக்கொண்டிருக்கும் மனிதன். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் மனநிலைக்கு உதாரணமாக அவனைச் சொல்கிறார். இப்படி நடிக்கும்படி கேட்பது வாடிக்கையாளர்கள்தான் என்றும் அவரே சொல்கிறார். ஆனால் பகுப்பாய்வு வந்து நிற்பது சர்வர் மீதுதான். நாற்காலியில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருப்பவனின் நடிப்பு என்ன? அவன் தனக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை என்று நடிக்கிறான். தண்ணீர் தானாக நிரம்புவதாகவும், தட்டு தானாக மறைவதாகவும் நடிக்கிறான். பேச்சின் நடுவே ஒரு கை வந்து எச்சில் தட்டை எடுக்கும்போது அவன் பேச்சை நிறுத்துவதில்லை. லேசாகத் தோளைச் சாய்த்துக் கொடுக்கிறான். அந்தத் தோள்சாய்ப்பில் இருக்கும் ஆத்ம வஞ்சனை ஸார்த்ருடைய சர்வரிடம் இருப்பதைவிடப் பெரியது. சர்வராவது தான் நடிப்பதை அறிந்திருக்கிறான்.

இந்த மறைப்புக்கு நம் மரபிலும் ஒரு கனவு இருக்கிறது. மணிமேகலையின் அமுதசுரபி யாரென்று கேட்காமல் எல்லோருக்கும் உணவளித்தது; நம் இலக்கியத்தின் மிக உயர்ந்த படிமங்களில் ஒன்று அது. ஆனால் அந்தப் பாத்திரத்துக்குச் சமையலறை கிடையாது. அரிசி களைந்தவர் இல்லை, விறகு தள்ளியவர் இல்லை, பாத்திரம் கழுவியவர் இல்லை. பசித்தவரை எல்லாம் நினைத்துக்கொண்ட கருணை, சமைக்கிறவரை நினைக்க வேண்டிய அவசியமே இல்லாதபடி ஓர் அற்புதத்தைச் செய்துகொண்டது. நகரத்து விடுதி அந்த அற்புதத்தைக் காசுக்கு நடத்துகிறது. கேட்டதெல்லாம் வருகிறது, வந்த வழி தெரிவதில்லை. வடலூரில் வள்ளலார் 1867இல் ஏற்றிய சத்திய தருமச்சாலை அடுப்பு இதைவிட நேர்மையானது என்று எனக்குத் தோன்றுகிறது. அது அணையாமல் இருக்கிறதென்றால் யாரோ ஒவ்வொரு நாளும் விறகு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சீக்கியர்களின் லங்கரில் இன்று உண்டவரே நாளை எச்சில் தட்டைக் கழுவுகிறார். நகரத்து விடுதியில் இருபுறமும் இடம் மாறுவதில்லை.

எச்சில் என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் உள்ள கனத்தை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை முறை இன்னும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அங்கே தலித் குடித்த குவளையை அவரே கழுவி வைக்க வேண்டும் என்பதுதான் அவமானத்தின் வடிவம். தன் குவளையைத் தானே கழுவும்படி செய்யப்பட்ட ஒருவருக்கு, பிறர் கழுவிய குவளையில் குடித்து, மேஜைமீது அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவது சாதாரண விஷயமல்ல. அது விடுதலையின் ருசி. இப்போது அந்தக் குவளை உள்ளே போகிறது. கழுவுகிறவர் யார்? ஒருவருடைய விடுதலை இன்னொருவருடைய தொட்டியில் போய் விழுகிறது. 'அவரவர் தட்டை அவரவர் கழுவலாமே' என்ற காந்திய யோசனை இங்கே எளிதாகச் செல்லுபடியாகாது. யார் அதைச் சொல்கிறார், யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து அதே வாக்கியம் தவமாகவும் இருக்கலாம், தண்டனையாகவும் இருக்கலாம்.

உள்ளே இருப்பவர்கள் இப்போது பெரும்பாலும் தூரத்திலிருந்து வந்தவர்கள்: ஒடிசா, வங்காளம், பீகார், அஸ்ஸாம், நேபாளம். மிசோரமிலிருந்தோ மணிப்பூரிலிருந்தோ வந்த இளைஞர்களைச் சைனீஸ் பரிமாற நிறுத்தியிருப்பதைப் பல விடுதிகளில் கண்டிருக்கிறேன்; அவர்களுடைய முகமும் அந்த அறையின் சிவப்புக் காகித விளக்கைப் போல அலங்காரமாகிவிடுகிறது. 2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்து விடுதிகள் பூட்டப்பட்டபோது, இப்படி ஒரு ஜனத்தொகை நம்மிடையே இருந்ததை நகரங்கள் நெடுஞ்சாலைகளில் பார்த்தன. நமக்குச் சோறு போட்ட கைகளை நாம் முழுசாகப் பார்த்தது அவை நம்மை விட்டுப் போகும்போதுதான்.

4

ஆகவே கேட்போம், யார் சமைத்தது என்று தெரிந்துகொள்வோம், பெயர்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவோம் என்று முடித்துவிடலாம். நல்ல உள்ளம் படைத்தவர்கள் அப்படித்தான் முடிப்பார்கள். எனக்கு அது முடியவில்லை. காரணம், 'யார் சமைத்தது?' என்பது புதிய கேள்வியே அல்ல. இந்த நாட்டின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று அது. சாதி பிழைத்து வந்திருப்பதே அந்தக் கேள்வியை வேளைதோறும் தவறாமல் கேட்டுத்தான்.

2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஊரில் ஆதிக்க சாதியினர் எதிர்த்தார்கள். அவர்கள் கேட்டதும் யார் சமைத்தது என்ற கேள்விதான். 2024 மார்ச்சில் ஜொமாட்டோ நிறுவனம் சைவ உணவைக் கொண்டுசெல்லத் தனி ஆட்களையும் அவர்களுக்குப் பச்சைச் சீருடையையும் அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே அந்தத் தனிச் சீருடையைக் கைவிட்டது. அங்கே கேள்வி ஒரு படி நீண்டு, யார் தூக்கி வருகிறார் என்றாகியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் காவடி யாத்திரை போகும் வழியிலுள்ள உணவுக் கடைகள் உரிமையாளர்களின் பெயரை எழுதி மாட்ட வேண்டும் என்று உத்தரப் பிரதேசத்தில் உத்தரவு வந்தது. உச்ச நீதிமன்றம் ஜூலை 22இல் அதை நிறுத்தி வைத்தது. என்ன உணவு என்று எழுதச் சொல்லலாம், யாருடையது என்று எழுதும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. 1957இல் ஒரு சொல்லைப் பலகையிலிருந்து எடுக்கப் போராட வேண்டியிருந்தது. 2024இல் ஒரு பெயரைப் பலகையில் ஏற்றவிடாமல் தடுக்க வேண்டியிருந்தது. பலகை ஒன்றுதான்.

ஆக, நான் கடன் என்று சொன்ன மௌனத்துக்கு இன்னொரு முகம் இருக்கிறது. திருப்பூரில் எந்தக் கையின் சமையலை மறுத்தார்களோ, அந்தக் கை நகரத்து விடுதியின் கதவுக்குப் பின்னால் பூரி இடும்போது, அதே மறுத்தவர்கள் வந்து உட்கார்ந்து இன்னொரு தட்டு கேட்பார்கள். கதவு அந்தக் கையை மறைக்கிறது, காப்பாற்றவும் செய்கிறது. தன்னை மறைத்துக்கொள்ளும் உரிமை ஏழைக்கு இருக்கும் ஒரு சில உரிமைகளில் ஒன்று. நம் மனச்சாட்சியைத் திருப்திப்படுத்திக்கொள்வதற்காக அவரை இழுத்து வந்து விளக்கின் கீழ் நிறுத்தி, உன் பெயர் என்ன, ஊர் என்ன என்று விசாரிப்போமானால், திண்ணையில் நடந்த விசாரணையைத்தான் திரும்பவும் நடத்துகிறோம். தொனி மட்டும் கனிவாக இருக்கும். திண்ணையிலும் தொனி கனிவாகத்தான் இருந்தது.

5

கேள்வியையே மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன். 'யார்' என்ற சொல் நம் மொழியில் கெட்டுப்போய்விட்டது. அதை உணவின் பக்கத்தில் வைத்தவுடன் அது பிறப்பைத் தேடிக்கொண்டு போகிறது. அந்தக் கை யாருடையது என்பது எனக்குத் தேவையில்லை. அது எப்படி இருக்கிறது என்பது தேவை. எத்தனை மணி நேரமாக நிற்கிறது? என்ன கூலி? சுட்டுக்கொண்டால் மருந்து உண்டா? வாரத்தில் ஒரு நாளாவது அதற்கு விடுமுறை உண்டா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல எவரும் தன் சாதியையோ பெயரையோ வெளியிட வேண்டியதில்லை. நிலைமையைக் கேட்பது வேறு, அடையாளத்தைக் கேட்பது வேறு. முன்னதைக் கேட்டால் கடன் தெரியவரும். பின்னதைக் கேட்டால் தீட்டுத்தான் தெரியவரும்.

இப்படிக் கேட்பதால் ஒன்றும் நடக்காது என்று சொல்பவர்களுக்கு: நடந்திருக்கிறது. மேஜை துடைக்கிற பையன் நம் ஓட்டல்களில் எவ்வளவு காலமாக இருந்தான் என்று நமக்குத் தெரியும். நம் கதைகளில்கூட அவன் வந்து துடைத்துவிட்டுப் போவான். கதாநாயகனின் சோகம் தொடரும். 2006 அக்டோபர் 10 முதல் பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை ஓட்டல்களில் வேலைக்கு வைப்பது தடை செய்யப்பட்டது. தடை எல்லா இடத்திலும் எட்டிவிடவில்லை. ஆனாலும் பெரிய விடுதிகளில் சிறுவர்கள் இல்லை. 'பையன்' என்ற சொல் மட்டும் இருக்கிறது. நாற்பது வயது மனிதரைப் பார்த்து 'பையனைக் கூப்பிடு' என்கிறோம். சட்டம் சிறுவனை அனுப்பிவிட்டது. அவனுடைய இடத்தை நாம் காலியாக விடவில்லை. 2021இல் தமிழ்நாடு தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்றது. துணிக்கடைகளில் நாள் முழுதும் நின்ற பெண்களை நினைத்துப் பேசப்பட்ட திருத்தம் அது. உட்காருவது ஓர் உரிமை என்று எழுதி வைக்க வேண்டிய அளவுக்கு நாம் பிறரை நிற்க வைத்திருக்கிறோம். உட்காருவதற்காகவே நாம் போகிற இடத்தில், மேஜையருகே நிற்பவர் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் என்ன என்ற கற்பனை இன்னும் நம்மிடம் வரவில்லை. நாற்காலிகள் காலியாக இருக்கும்போதும் அவர் நின்றுகொண்டுதான் இருக்கிறார்.

டிப்ஸ் இதற்குப் பதிலாகுமா என்று கேட்கலாம். ரசீதில் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கக்கூடாது என்று 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. வாடிக்கையாளரின் உரிமை என்ற தளத்தில் அது சரி. ஆனால் அதைப் பற்றிப் பத்திரிகைகளில் நடந்த விவாதம் முழுக்க நம் பத்து சதவீதத்தைப் பற்றியதாக இருந்தது. அந்தப் பத்து சதவீதம் பாத்திரம் கழுவுகிறவர்வரை போய்ச் சேர்ந்ததா என்று கேட்டவர்கள் குறைவு. டிப்ஸ் கண்ணில் படுகிறவருக்குக் கிடைக்கிறது. தட்டின் மூலையில் நோட்டை மடித்து வைத்துவிட்டு எழும்போது நமக்குள் ஒரு கணக்கு தீர்ந்துவிடுகிறது. மேற்கொண்டு கேட்காமலிருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை என்றே அதைச் சொல்ல வேண்டும். கூலி உரிமை, டிப்ஸ் மனநிலை. மனநிலையை நம்பி ஒருவர் வாடகை கொடுக்க முடியாது.

பரிமாறுதல் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இலையில் உணவிடுவது என்றும் பொருள், ஒன்றை ஒன்றுக்காக மாற்றிக்கொள்வது என்றும் பொருள். இரண்டாவது பொருளை நாம் விடுதி வாசலில் விட்டுவிட்டுப் போகிறோம். மாற்றிக்கொள்வதற்கு அங்கே பெரிய விஷயம் ஒன்றும் வேண்டியதில்லை. எங்கும் பார்க்கிறவரிடமெல்லாம் தமிழர்கள் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: 'சாப்பிட்டாச்சா?' தெருவில், பஸ் நிலையத்தில், தொலைபேசியில், சாவு வீட்டில்கூடக் கேட்கிறோம். பதிலை எதிர்பார்க்காமலும் கேட்கிறோம். யார் என்று தெரியாமலே ஒருவரிடம் கேட்கக்கூடிய கேள்வி அது. அடையாளத்தைத் தொடாமல் நிலைமையைத் தொடுகிற கேள்வி நம் அன்றாடப் பேச்சிலேயே இருந்திருக்கிறது. சாப்பாட்டுக்காகவே ஏற்பட்ட இடத்தில், சாப்பாட்டை ஏந்தி நிற்பவரிடம் மட்டும் அதை நாம் கேட்பதில்லை. கேட்டால் வேடிக்கையாக இருக்கும் என்று தோன்றுகிறது. ஏன் வேடிக்கையாகத் தோன்றுகிறது என்று யோசித்தால், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல முயன்றது முழுவதும் அதில் இருக்கிறது.

கேட்பதோடு கடன் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பதில் என்னவென்று தெரிந்துகொண்டால், நாம் எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரியும். மதிய வேளையில் அவர்கள் சாப்பிடுவது, கடைசி மேஜை எழுந்த பிறகு, மூன்றரை மணிக்கு மேல். நாம் இன்னும் கொஞ்சம் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தால் நாலரை ஆகும்.